எதிரொலியைப் பாடுவோர்: இசைத்தட்டும் மீலாது மேடையும்

நாகூர் தொடங்கி அதிராம்பட்டினம் வரை நீளும் கடலோர ஊர்களிலும், கூத்தாநல்லூர், பொதக்குடி, அய்யம்பேட்டை, ராஜகிரி, பண்டாரவாடை எனக் காவிரிப் பாசனத்தின் நெல்வயல்களுக்கு நடுவே அமைந்த முஸ்லிம் ஊர்களிலும் ரபீஉல் அவ்வல் பிறை தென்பட்டதும் மேடைகள் எழும். பந்தலும் குழல்விளக்கும் வருவதற்கு முன்னரே, ஏதேனும் ஒரு வீட்டின் மாடியிலோ சங்கக் கட்டடத்திலோ பாட்டுக் குழுவினர் ஒத்திகை பார்க்கத் தொடங்கியிருப்பர். அந்த ஒத்திகையைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறோம். மேடைப் பாட்டைப் பற்றி நம் இதழ்களில் பாராட்டுரைகள் வந்துள்ளன, கண்டனங்களும் வந்துள்ளன. அது உருவாகும் அறையைப் பற்றி யாரும் பேசியதாகத் தெரியவில்லை. குற்றமும் குணமும் அந்த அறையிலேயே தீர்மானமாகின்றன என்பது நம் எண்ணம்.

அங்கே ஆசிரியர் என்று ஒருவர் பெரும்பாலும் இருப்பதில்லை. ஆசிரியரின் இடத்தில் முன்பு ஒலிநாடாப் பெட்டி இருந்தது. இப்போது கைப்பேசி இருக்கிறது. அதிலிருந்து எழுவது, பெரும்பாலான வேளைகளில், இசைமுரசு நாகூர் இ.எம். ஹனீபா அவர்களின் குரல். 1925 டிசம்பர் 25-இல் பிறந்து 2015 ஏப்ரல் 8-இல் மறைந்த அப்பெருமகனாரின் குரல், தமிழ் முஸ்லிம்களின் செவியில் ஒரு முழு நூற்றாண்டின் ஒலியாகவே பதிந்துவிட்டது. மீலாது மேடையிலும் அரசியல் மேடையிலும் அவர் பாடினார். 1961-இல் வெளிவந்த ‘பாவ மன்னிப்பு’ திரைப்படத்தில் டி.எம். சௌந்தரராஜனுடன் இணைந்து பாடினார். ஆனால் இன்று ஒத்திகை பார்ப்போர் கேட்பது மேடையில் பாடிய ஹனீபாவை அன்று. இசைத்தட்டில் பாடிய ஹனீபாவை. இரண்டும் ஒன்றல்ல என்பதிலிருந்தே நம் விமரிசனம் தொடங்குகிறது.

நிமிடத்திற்கு 78 முறை சுழலும் பத்து அங்குல அரக்குத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடங்களே கொள்ளும். பாடகர் எவராயினும், பாட்டு எதுவாயினும், அந்த மூன்று நிமிடத்துக்குள் தலையையும் காலையும் சுருக்கிக்கொண்டு அடங்கியாக வேண்டும். பல்லவி, இரண்டு மூன்று சரணங்கள், அவற்றுக்கிடையே சிறிது வாத்திய இசை, அவ்வளவுதான். முன்னே விருத்தம் பாட நேரமில்லை. ஓர் அடியைத் திரும்பத் திரும்பப் பாடி, ஒவ்வொரு முறையும் அதன் பொருளில் ஒரு படி இறங்கிச் செல்ல நேரமில்லை. சபையின் முகம் பார்த்து நிறுத்தவோ தொடரவோ வாய்ப்பில்லை. ஏனெனில் அங்கே சபையே இல்லை. பின்னர் நெடுநேரம் ஓடும் தட்டுகளும், அவற்றுக்குப் பின் ஒலிநாடாக்களும் வந்தன. இடம் கிடைத்தபோதிலும், மூன்று நான்கு நிமிடம் என்ற அளவு பாட்டின் இலக்கணமாகவே நிலைத்துவிட்டது. கருவியின் இயலாமையால் வந்த ஒரு சுருக்கம் கலையின் விதியாக மாறிய கதை இது. நம் இளைஞர்கள் ஒத்திகையில் கற்பது இந்தச் சுருக்கத்தைத்தான். மூன்று மணி நேரம் காத்திருக்கும் சபைக்கு முன்னால் மூன்று நிமிடப் பாட்டுகளை அடுக்கிவிட்டு இறங்குகிறார்கள்.

ஒத்திகையில் நேரம் எங்கே செலவாகிறது என்பதைக் கவனித்தால் இன்னொன்று புலப்படும். இடையிசைக்கே பெரும்பகுதி போகிறது. தட்டில் கிளாரினெட்டோ மாண்டலினோ வயலினோ வாசித்த துணுக்கை, கீபோர்டில் எழுத்துப் பிசகாமல் எடுக்க வேண்டும் என்பதற்காக ஒரு மாலைப்பொழுது முழுவதும் கழிகிறது. அது பிசகினால் சபையினர் சிரிப்பார்கள் என்ற அச்சம். சொல் பிசகினால் சிரிக்க ஆளில்லை. எனவே சொல்லைப் பற்றிய அச்சமும் இல்லை.

சுருதியின் கதையும் இவ்வாறே. ஹனீபா அவர்களின் சாரீரம் மேல்ஸ்தாயியில் இடியென முழங்கும் இயல்புடையது. அது அவருக்கு அல்லாஹ் தந்த கொடை. அந்தச் சுருதியிலேயே பாடினால்தான் அந்தப் பாட்டு என்று நம்பி, இயல்பாக ஒன்றரைக் கட்டையில் பாடக்கூடிய பிள்ளை தொண்டை நரம்பு புடைக்கக் கத்துவதைக் கேட்க நேரும்போது நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஒலிநாடா சற்றே வேகமாக ஓடினால் சுருதி ஏறும். மெதுவாக ஓடினால் இறங்கும். நாடாவிலிருந்து நாடாவுக்குப் பலமுறை படியெடுக்கப்பட்டு வந்த பாட்டில் இருக்கும் சுருதி பாடகர் பாடியதுதானா, பெட்டியின் மோட்டார் பாடியதா என்பதை யார் சொல்ல முடியும்? மோட்டாரின் பிழைக்கும் நம் பிள்ளைகள் விசுவாசமாக இருக்கிறார்கள்.

மத்ரஸாவில் ஃபிக்ஹு ஓதியவர்களுக்கு ஒரு சட்டம் நினைவுக்கு வரலாம். ஸஜ்தா வசனத்தை ஒருவர் ஓதக் கேட்டால் கேட்டவர் மீதும் ஸஜ்தா கடமையாகும் என்பது ஹனஃபி மத்ஹபின் நிலைப்பாடு. ஆனால் மலையிலோ மண்டபத்திலோ பட்டுத் திரும்பும் எதிரொலியாக அதைக் கேட்டால் கடமையாகாது என்று ‘துர்ருல் முக்தார்’ கூறுகிறது. ஏன்? எதிரொலியில் ஓசை இருக்கிறது, ஓதுபவர் இல்லை. ஃபோனோகிராஃப் என்னும் கருவி அரபு நாடுகளை அடைந்தபோது உலமாக்கள் இந்தச் சட்டத்தை நினைவில் வைத்தே அதை ஆராய்ந்தனர். பிற்காலத்தில் எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்-முதீஈ (ரஹ்) இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபோனோகிராஃபைப் பற்றித் தனி ரிஸாலா எழுதினார். ஓசையையும் ஓதுபவரையும் பிரித்துப் பார்க்கும் அந்தக் கூர்மை நம் பாட்டுக் குழுக்களுக்கும் வேண்டும். தட்டிலிருந்து வருவது எதிரொலி. ஒத்திகை என்ற பெயரில் எதிரொலிக்கு எதிரொலி எழுப்புவதால் ஒரு பாடகர் பிறந்துவிட மாட்டார்.

இவ்வாறு கூறுவதால் ஒலிப்பதிவை நாம் பழிப்பதாக எண்ண வேண்டா. குர்ஆன் முழுவதும் முதன்முதலாக ஒலிவடிவில் பதிவாகி 1961-இல் கெய்ரோ வானொலி வழியே வெளிவந்தபோது ஷெய்கு மஹ்மூது கலீல் அல்-ஹுஸரீ (ரஹ்) அவர்களின் தர்த்தீல் உலகெங்கும் சென்றது. அதனால் விளைந்த நன்மையை அளவிட முடியாது. ஆனால் அதன் நோக்கம் என்ன? உச்சரிப்பும் நிறுத்தமும் நீட்டமும் பிழையின்றி நிலைபெற ஒரு சான்றாக நிற்பது. அதைக் கேட்டு ஓதிப் பழகிய மாணவரும் ஓர் உஸ்தாதின் முன் மண்டியிட்டு, அவருடைய வாய் பார்த்து, தன் வாயைத் திருத்திக்கொண்ட பின்னரே ஸனது பெறுகிறார். ‘தலக்கீ’ என்றும் ‘முஷாஃபஹா’ என்றும் நாம் வழங்கும் அந்த முறை ஒலிப்பதிவால் ஒழிந்துவிடவில்லை. ஓதுதலுக்கும் பாட்டுக்கும் உள்ள தூரத்தை நாம் அறிவோம். இரண்டையும் ஒரு தட்டில் வைக்கவில்லை. கற்கும் முறையை மட்டுமே ஒப்பிடுகிறோம். அங்கே பதிவு சாட்சியாக இருக்கிறது. இங்கே அதுவே நீதிபதியாகவும் ஆகிவிட்டது.

சொல்லுக்கு வருவோம். அரபி கற்பிப்பவர்கள் என்ற முறையில் நம் செவியை உறுத்துவது இதுவே. ‘கல்பு’ என்று தமிழில் எழுதினால் அது இதயமாகவும் இருக்கலாம், நாயாகவும் இருக்கலாம். உள்நாக்கை ஒட்டிப் பிறக்கும் காஃபுக்கும் நாவின் பின்பகுதியில் பிறக்கும் காஃபுக்கும் தமிழெழுத்தில் வேறுபாடில்லை. நம் முன்னோர் இதை அறிந்தே அரபுத் தமிழில் எழுதினர். ஒவ்வோர் எழுத்தும் தன் மக்ரஜோடு தாளில் நின்றது. பாட்டுகள் தமிழெழுத்துக்கு மாறியபோது அந்தக் காவல் போயிற்று. இந்த இடத்தில் நல்ல பாடகர் பாடிய தட்டு உண்மையிலேயே பயன்படும். எழுத்து இழந்ததைக் குரல் காத்து வைத்திருக்கும். ஆயின் நம் குழுவினர் தட்டில் இதைக் கேட்பதில்லை. தேய்ந்த நாடாவிலிருந்து செவிவழியாகப் பாட்டு நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். விளங்காத இடத்தில் விளங்கிய ஒரு சொல்லைப் போட்டு நிரப்புகிறார்கள். ‘தாஹா’ என்ற திருநாமம் ‘தாகம்’ ஆகி, நபிகளாரைப் புகழ வந்த சரணம் தண்ணீர்ப் பந்தலைப் பாடுவதாக முடிந்ததை நாம் கேட்டிருக்கிறோம். சபை தலையாட்டியது. அடுத்த ஊர்க் குழுவினர் அந்த நோட்டைத்தான் படியெடுத்துச் சென்றிருப்பார்கள். ஹதீஸ் கலையில் இதற்கு ‘தஸ்ஹீஃப்’ என்று ஒரு பெயரும், அதைக் களைய நூல்களும் உண்டு. பாட்டு நோட்டுக்கு யார் இருக்கிறார்?

சொல் இவ்வாறாயின் சொன்னவர் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ என்ற பாடலை அறியாத தமிழர், எம்மதத்தவராயினும், அரிது. அதை எழுதியவர் ஆர். அப்துல் சலாம் என்பதை அதைப் பாடி ஒத்திகை பார்க்கும் குழுவினரிடம் கேட்டுப் பாருங்கள். ‘ஹனீபா பாட்டு’ என்பார்கள். நாகூரின் புலவர் ஆபிதீன் எழுதிய பாடல்களுக்கும் இதே கதிதான். 1902-இல் கல்கத்தாவில் முதன்முதலாகத் தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான் அம்மையார் பாட்டு முடிந்ததும் தம் பெயரை உரக்கச் சொல்லி முடிப்பார். மூலப்பதிவைக் கடல் கடந்து கொண்டுபோய்த் தட்டாக்கும் தொழிலாளர்களுக்கு யார் பாடியது என்று தெரிய வேண்டுமே என்பதற்காக அந்த ஏற்பாடு என்பர். பாடகருக்கு அந்த வழி இருந்தது. புலவருக்கு இல்லை. தட்டின் நடுவே ஒட்டிய வட்டத்தாளில் அவர் பெயர் சிறிய எழுத்தில் இருந்தது. ஒலிநாடாவின் உறையில் அது மேலும் சிறுத்தது. கைப்பேசியில் மறைந்தே போயிற்று. குணங்குடி மஸ்தான் சாஹிபு முதல் நாகூர் குலாம் காதிறு நாவலர் வரை பாட்டுக்குள்ளே தம் பெயரையோ ஊரையோ பதித்துப் போன மரபு நமக்கிருந்தும், இது நேர்ந்தது.

மெட்டைப் பற்றி ஒரு சொல். இஸ்லாமியப் பாட்டுகளில் திரைப்பட மெட்டு கலந்திருப்பதைப் பெரும் குறையாகச் சிலர் எழுதுகின்றனர். நமக்கு அதில் அவ்வளவு கோபமில்லை. பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டினால் ‘இன்ன பாட்டின் வர்ணமெட்டு’ என்றும் ‘பார்ஸி மெட்டு’ என்றும் தலைப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். நாடகக் கொட்டகையில் பிறந்த மெட்டு கந்தூரி மேடைக்கு வந்தது, யாரும் மறைக்கவில்லை.

இனி, கற்றலின் நல்ல முன்மாதிரியைத் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. நாதஸ்வர மேதை ஷெய்கு சின்ன மௌலானா (1924–1999) ஆந்திரத்தின் கரவதியில் பிறந்தவர், வாத்தியக் குடும்பத்தவர். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் வாசிப்பில் மனம் பறிகொடுத்தார். பிள்ளையின் தோடி இசைத்தட்டு பட்டிதொட்டியெல்லாம் ஒலித்த காலம் அது. தட்டை வைத்துக்கொண்டு அவரைப் போலவே வாசித்துவிடலாம் என்று மௌலானா நினைத்திருந்தால், ஒரு நல்ல நகலாகப் பெயரெடுத்திருப்பார். அவரோ தஞ்சாவூர்ச் சீமைக்கே வந்து, நாச்சியார்கோயில் ராஜம், துரைக்கண்ணு சகோதரர்களிடம் அமர்ந்து தஞ்சாவூர் பாணியைப் பாடமாகக் கற்றார். பின்னர் ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-இல் சங்கீத கலாநிதி பட்டம் பெறும் அளவுக்கு உயர்ந்தார். ஒலியால் ஈர்க்கப்படுவது ஒன்று. ஆளிடம் போய்க் கற்பது வேறு. முதலாவது இரண்டாவதற்கு வாயிற்படி.

பாவனையே கூடாது என்று சொல்ல நாம் வரவில்லை. தொடக்கத்தில் தக்லீது இல்லாமல் எந்தக் கலையும் இல்லை. இப்னு கல்தூன் (1332–1406) தம் முகத்திமாவில் கவிதைத் தொழிலைப் பற்றிப் பேசுமிடத்தில், கவிஞராக விரும்புபவர் முன்னோர் கவிதைகளை ஏராளமாக மனனம் செய்ய வேண்டும் என்கிறார். அதன் பின் மனனம் செய்தவற்றை மறந்துவிட வேண்டும் என்ற கருத்தையும் எடுத்துரைக்கிறார். அப்போதுதான் அவற்றின் புறவடிவம் அழிந்து, உள்வார்ப்பு மட்டும் மனத்தில் தங்கும். அபூ நுவாஸிடம் அவருடைய ஆசிரியர் கலஃபுல் அஹ்மர் இதையே கேட்டதாக ஒரு செய்தி அரபு இலக்கிய நூல்களில் உண்டு: ஆயிரம் கவிதைகளை மனனம் செய்துவிட்டு வா என்றார், செய்து வந்தபோது, போய் அவற்றை மறந்துவிட்டு வா என்றார். நம் ஒத்திகையில் முதல் பாதி நடக்கிறது. இரண்டாம் பாதிக்கு யாரும் அனுப்புவதில்லை.

மறத்தல் என்றால் நடைமுறையில் என்ன? பாட்டைப் பாடுமுன் அதை உரைநடைபோல வாசிக்கச் செய்யலாம். அரபிச் சொற்களை ஊர் இமாமிடமோ அரபுக் கல்லூரி மாணவரிடமோ சொல்லிக் காட்டித் திருத்திக்கொள்ளலாம். எந்தச் சீரா நிகழ்ச்சியை அந்தச் சரணம் குறிக்கிறது என்பதைப் பாடுபவர் அறிய வேண்டும். தாயிஃபின் கல்லடியைப் பாடுகிறோமா, மதீனாவின் வரவேற்பைப் பாடுகிறோமா என்று தெரியாமல் இரண்டையும் ஒரே முழக்கத்தில் பாடுவோரே அதிகம். பின்னர் பெட்டியை அணைத்துவிட்டு, வாத்தியமில்லாமல், தன் சுருதியில் பாட வேண்டும். எங்கே மூச்சு வாங்குவது, எந்த அடியைத் திருப்பிப் பாடுவது, எங்கே நிறுத்துவது என்பவை அப்போது தாமே புலப்படும். வாத்தியக்காரர்கள் கடைசியாக வந்தால் போதும். இன்று அவர்கள்தாம் முதலில் வருகிறார்கள். பாடகர் கடைசியாக வந்து சேருகிறார்.

எகிப்தின் உம்மு குல்ஸூம் (மறைவு 1975) இதற்கு நேர்மாறான ஒழுங்கைக் கடைப்பிடித்தவர். ஒரு கிராமத்து இமாமின் மகள். சிறுவயதில் குத்தாபில் குர்ஆன் ஓதியவர். அவருடைய அரபி உச்சரிப்பின் தெளிவுக்கு அந்தப் பள்ளியே காரணம் என்று அறிஞர்கள் கூறுவர். மாதத்தின் முதல் வியாழன் இரவு அவர் பாடுவதை வானொலி ஒலிபரப்பும். ரியாளுஸ் ஸன்பாதீ இசையமைத்து 1966-இல் அவர் பாடிய ‘அல்-அத்லால்’ போன்ற பாட்டுக்கு, வாத்தியக் குழுவினர் மனப்பாடமாகும் வரை பலநாள் ஒத்திகை பார்த்தனர். ஆயினும் மேடையில் ஓர் அடியை எத்தனை முறை திருப்புவார் என்பது அவருக்கே முன்கூட்டித் தெரியாது. ஒரே பாட்டு ஒரு மணி நேரத்தையும் கடக்கும். சபை கேட்கக் கேட்க அவர் கொடுத்தார். பிழையின்மைக்காக மட்டும் நடந்த ஒத்திகை அன்று அது. எங்கே போனாலும் திரும்பிவர வழி தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக நடந்த ஒத்திகை.

நாகூரிலேயே மற்றொரு சான்று உண்டு. தர்கா ஷரீஃபில் பாடிப் பழகிய அப்துல் கனி, அஜா மைதீன், சபுர்மைதீன் பாபா சபீர் ஆகிய மூவரும் தட்டைக் கேட்டுப் பாட்டு கற்றவர்கள் அல்லர்; பாட்டைத் தட்டுக்குக் கொடுத்தவர்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன பிறகு, பேரலை தாக்கிய நாடுகளின் இசையைத் தொகுத்த ‘லயா ப்ராஜெக்ட்’ என்ற ஆவணப்படத்தில் நாகூரின் குரலும் இடம்பெற்றது. 2009-இல் சென்னையின் எர்த்சிங்க் நிறுவனம் ‘நாகூர் செஷன்ஸ்’ என்ற பெயரில் அம்மூவரின் பாட்டுகளை மின்னணு இசையுடன் வெளியிட்டது. அதில் சேர்ந்த புதுஒலிகள் எல்லாம் நம் செவிக்கு இதமானவை என்று சொல்ல மாட்டோம். ஆனால் மூவரும் விருத்தமாக நீட்டி எழுப்பும் இடங்களில் இயந்திரம் ஒதுங்கி நிற்கக் காண்கிறோம். பின்னாளில் டி.எம். கிருஷ்ணாவுடன் அவர்கள் மேடையேறியபோதும், பதிவானதை அப்படியே ஒப்பிக்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இருக்கவில்லை. பாட்டு அவர்களுடைய கையிருப்பு. தட்டு அதிலிருந்து ஒரு நாள் எடுத்த ஒரு பிரதி.

இசைக்கருவிகளைப் பற்றிய மார்க்கத் தீர்ப்பு இக்கட்டுரையின் பொருளன்று. அதில் கருத்து வேற்றுமை உண்டென்பதை வாசகர் அறிவர். எனினும் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் ஸமாஉவின் ஒழுக்கங்களை எழுதும்போது எடுத்தாளும் ஜுனைதுல் பக்தாதீ (ரஹ்) அவர்களின் கருத்து ஒன்றை இங்கே நினைவூட்ட வேண்டும். காலம், இடம், கூட்டாளிகள் ஆகிய மூன்றும் பொருந்தாவிட்டால் ஸமாஉவை விட்டுவிடுவதே மேல் என்பது அது. ஒலிப்பதிவில் இம்மூன்றுமே இல்லை. மேடையில் மூன்றும் இருக்கின்றன. இருக்கிற மூன்றையும் புறக்கணித்துவிட்டு, இல்லாத ஓர் அறையின் ஒலியை அங்கே மறுபடி எழுப்பப் பாடுபடுகிறோம்.

கரோக்கி வந்தபின் இந்தப் பாடும் குறைந்துவிட்டது. வாத்திய ஒலி மட்டும் கொண்ட தடத்தை ஓடவிட்டு ஒருவர் நின்று பாடினால் போதும், செலவும் மிச்சம். பதிவு போடும் வேகத்தில் பாடகர் ஓட வேண்டும். சபையில் ஒரு பெரியவர் கண்ணீர் மல்கி ‘இன்னொரு தடவை’ என்று கை உயர்த்தினால் தடம் நிற்காது. தபேலாக்காரரும் ஆர்மோனியக்காரரும் கல்யாண வீட்டு வேலைகளுக்குப் போய்விட்டனர். கந்தூரி நாட்களில் நாகூருக்கு வரும் பக்கீர்களின் கையில் மட்டும் தாயிரா இன்னும் இருக்கிறது. அவர்கள் பாடும்போது யாரேனும் நின்று கேட்டால் பாட்டு நீளுகிறது. நகர்ந்துவிட்டால் அடுத்த வாசலுக்குப் போகிறார்கள்.